முறிந்த இதழ்

உருண்டை முனைக் குறட்டால் செப்புக் கம்பியைச் சுழித்துக்கொண்டிருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கம்பி அக்காவின் இடது கை தானாக நீண்டு ஒரு துண்டை இழுத்து மேசைமேல் போர்த்திவிடும். அதன் பிறகுதான் "யாரு?" என்பார். வந்தவர் கேஸ் சிலிண்டர்காரர் என்றாலும் துண்டு விலகாது. "அவருக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்காங்கல்ல? அவங்களுக்கும் காது இருக்கும்ல?"

நான் எதிர்வீட்டில் குடியிருப்பவள். என்னை அவர் கூப்பிடுவதே "எதிர்வீடு" என்றுதான். "எதிர்வீடு, கொஞ்சம் எலுமிச்சம்பழம் இருக்கா?" கொடுக்கப் போனால் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்.

தெருவில் அக்கா நடப்பதைப் பார்த்தால் எதையோ தொலைத்தவர் என்று தோன்றும். சாக்கடை மூடி, காய்ந்த சேற்றின் வெடிப்பு, கடைக்காரர் குறுக்கே அரிந்து வைத்திருக்கும் முட்டைக்கோஸ், எதன் முன்னாலும் நின்றுவிடுவார். பேனாவால் உள்ளங்கையில் கிறுக்குவார். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு விரல்களை மடக்கிக்கொள்வார். சில நாள் கழித்து அந்தச் சேற்று வெடிப்பு ஒரு பதக்கமாக யார் கழுத்திலாவது தொங்கும். "இது எப்படித் தோணுச்சுக்கா?" என்று கேட்டால் ஒரே பதில்: "தூக்கத்துல வந்துச்சு."

தொழில் நுணுக்கம் கேட்டாலும் அதே கதைதான். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும், இரும்புக் கட்டையில் வைத்துத் தட்டத் தட்ட இறுகும். இவ்வளவும் சத்தத்தை வைத்து நானே ஊகித்தது. அந்தப் பழங்காலக் கறுப்பு எப்படி ஏறுகிறது என்று ஒருமுறை கேட்டேன். "டீத்தூள்ல ஊற வைக்கணும்," என்றார். என் செப்பு வளையலை ஊற வைத்தேன். டீ வாசனை வந்தது, கறுப்பு வரவில்லை. அவித்த முட்டையைச் சூட்டோடு மசித்து, நகையோடு டப்பாவில் மூடி வைக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. இவ்வளவு முட்டை எதற்கு என்று கேட்டவர்களிடம், "அவருக்கு உடம்பு தேறணும்," என்பாராம். லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய கணவர் தேறவேண்டிய உடம்புக்காரர் அல்ல.

துண்டுக்கு அடியில் பார்க்க உரிமை பெற்றவள் ஒருத்திதான், அக்காவின் நாத்தனார். கண்ணாடிக் கடையில் வேலை. எந்தத் தோடும் முதலில் அவள் காதில் ஏறி, அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டிய பிறகே விற்பனைக்குப் போகும். "அண்ணி, இது கன்னத்துல இடிக்குது," என்றால் அக்கா மறுபேச்சின்றிப் பிரித்துவிடுவார்.

சென்ற மாதம் பஸ்ஸில் ஒரு பெண்ணின் காதைப் பார்த்து அக்கா தன் நிறுத்தத்தைத் தவறவிட்டார். சுழிக்குள் தலைகீழாக ஒரு மொட்டு, அதில் ஒரு இதழ் பாதியில் முறிந்திருந்தது. அச்சு அசல் அக்காவின் தோடு, ஆனால் அக்கா செய்ததல்ல. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கியதாக அந்தப் பெண் சொன்னாள்.

"மொட்டு யாருக்கு வேணா தோணலாம். முறிஞ்ச இதழ் எப்படித் தோணும்?" என்று என்னிடம் பொருமினார். "அவ போன்ல போட்டோ எடுத்தா. நான்தான் பாத்துட்டு சும்மா இருந்தேன்."

அவள் என்றால் நாத்தனார். நேரே கேட்கவில்லை, பொறி வைத்தார். கோணல்மாணலாக, நண்டு நசுங்கியது போல ஒரு தோடு. அதற்குப் போய் மெனக்கெடுவானேன் என்று கொக்கியின் முனையைக்கூட அரத்தால் ராவவில்லை. மேசையில் திறந்தே வைத்தார். நாத்தனார் எடுத்துப் பார்த்தாள். "புது மாதிரியா இருக்கே அண்ணி. நான் போட்டுக்கவா?"

"போட்டுக்கோ."

அதன் பின் அவள் போன் செய்தால் எடுப்பதில்லை. வந்தால் தலைவலி என்பார். நண்டு அந்தக் கடையில் தொங்குகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். சாட்சிக்கு என்னையும் அழைத்துப் போனார்.

நண்டு இல்லை. மொட்டு இருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததும், கடையில் கம்பி வளைத்துக்கொண்டிருந்த பெண்மணி மடியில் இருந்ததை முந்தானையால் மூடினார். "வாங்க வந்தீங்களா, டிசைன் பாக்க வந்தீங்களா?"

"என் டிசைனை நானே எதுக்கு வாங்கணும்?"

"உங்க டிசைனா? நல்லா இருக்கே கதை! எங்கம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணப்போ கண் ஆஸ்பத்திரி மாடிப்படியில ஒரு பகல் முழுக்க உக்காந்து பாத்தது இது. படி திரும்பற இடத்துல கம்பி கிராதி இருக்கு, ஒரு இதழ் ஒடைஞ்சிருக்கும். வேணும்னா போய்ப் பாருங்க."

 அக்கா தோட்டை அதன் கொக்கியிலேயே மாட்டிவிட்டு நடந்தார். பாதி வழியில் நான் மெல்லக் கேட்டேன். "உங்களுக்கும் அங்கதானாக்கா?"

 "அத்தைக்குக் கண் ஆபரேஷன். அதே படிதான். நாத்தனாரும் நானும்தான் உக்காந்திருந்தோம். என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா." கொஞ்ச தூரம் போனதும், "இந்தக் கடைக்காரி அன்னிக்கு எங்க பின்னால உக்காந்து என் உள்ளங்கையைப் பாத்திருப்பாளோ?" என்றார்.

வீட்டு வாசலில் நாத்தனார் காத்திருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். காதில் நண்டு. இரண்டு காது மடலும் சிவந்து வீங்கி, ஒன்றில் சீழ் கோத்திருந்தது.

"என்னடி இது? வலிக்கலையா?"

"வலிக்குதுதான்."

"கழட்ட வேண்டியதுதானே?"

"நீங்க பேசவே மாட்டேங்கறீங்க. இதையும் கழட்டிட்டா எப்படி அண்ணி?" 

அக்கா அவளை உள்ளே இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்தார். வெந்நீரில் பஞ்சை நனைத்து, தோட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி உருவினார். அவள் முகம் சுளிக்கும்போதெல்லாம் காதருகே குனிந்து ஊதினார். வாசலில் நான் நிற்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. காதிலிருந்து கையை எடுக்காமல், காலை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்தினார்.