தமிழய்யாவின் ரேடியோ

எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை நான். ஆனால் விண்வெளி நிலையம் அனுப்பும் ஒலியைப் பிள்ளைகளுக்குக் கேட்க வைத்தவர் தமிழய்யா. இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

அவரிடம் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குவதற்கான ஹாம் உரிமம் இருந்தது. அசையும் சீரும் பிரித்துக்கொண்டிருந்த மனிதர், திடீரென்று ஒருநாள் அளவெடுக்கும் ஸ்டீல் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, இதுதான் ஆன்டெனா என்றார். "காக்கா உக்காரத்தான் ஆகும்" என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தேன். மறுநாள் மாலை மொட்டைமாடியில் பிள்ளைகள் போட்ட கூச்சல் திருவொற்றியூர் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். நான் லேபில் தனியாகச் சோதனைக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவை கெமிஸ்ட்ரிக்காரருடையவை.

மற்ற பிள்ளைகளைக்கூட விட்டுவிடுவேன். நெட்டுக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணைத்தான் விட முடியவில்லை. நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்பவள். அவள் என் பிள்ளை என்று நினைத்திருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் ஐயா, ஐயா, ஐயா.

சில நாட்களில் விண்வெளி நிலையம் படமும் அனுப்பும். காதுக்கு வெறும் கீச்சொலிதான். ரேடியோவின் ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வைத்தால், அது அந்த ஒலியைக் கேட்டு வரி வரியாகப் படம் வரையும். வேறு சத்தம் கலந்தால் படம் கெட்டுவிடும். அதனால் ஐயா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒலி வரத் தொடங்கியதும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். என்ன கேட்பதானாலும் கை ஜாடைதான்.

அன்று, அந்த முறைக்குப் படம் அனுப்பும் கடைசி நாள். மறுநாளிலிருந்து அவளுக்குப் படிப்பு விடுமுறை, அப்புறம் பொதுத்தேர்வு, அதோடு பள்ளிக்கூடமே முடிந்தது. அதுவரை கிடைத்த படமெல்லாம் பாதியில் அறுந்தவை, கன்டெய்னர் லாரி ஹாரனில் கெட்டவை. போவதற்குள் ஒரே ஒரு முழுப் படம் பிடித்துவிட வேண்டும் என்று அவள் துடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் மாடி ஏறினேன். அப்படி என்னதான் வித்தை காட்டுகிறார் பார்ப்போம் என்று.

மணலிப் புகைபோக்கிகளின் பக்கம் நிலையம் எழும்பியது. அவள் ஆன்டெனாவைப் பிடித்தபடி மெல்லத் திரும்பினாள். போனில் படம் மேலிருந்து சுத்தமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஐயா அலைவரிசை டயலைக் கொஞ்சம் குறைத்தார். புதிதாக வந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஏன் குறைக்கிறார் என்று கையாலேயே கேட்டாள். பக்கத்திலிருந்தவள், அவரையே கேள் என்பதுபோல ஐயாவைக் கைகாட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டயலைத் திருப்பினால் இயற்பியல் வந்துவிடுமா?

"அது டாப்ளர் விளைவு!" என்றேன் உரக்க. "கிட்ட வர்றப்ப அதிர்வெண் கூடும், தாண்டிப் போறப்ப குறையும். ரயில் ஹாரன் மாதிரி. லெவன்த் பாடம்!"

எல்லோரும் பொத்திய வாயோடு என்னைப் பார்த்தார்கள். நிலையம் கடல் பக்கம் இறங்கி, ஒலி மங்கி நின்றது.

படத்தில் ஒரு விண்வெளி வீராங்கனை சிரித்துக்கொண்டிருந்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குக் கோடுகள். நான் பேசிய நேரத்துக்குச் சரியாக, ஒரு வரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பரவால்ல டீச்சர், காத்து அடிச்சாலும் இப்டி ஆவும்" என்றார் ஐயா. நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லியிருக்கலாம், அவர் பாடம்தானே. சொல்லாமல் விட்டது இன்னும் எரிந்தது.

அவள் ஆன்டெனாவைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"இன்னா மிஸ் நீங்க? அது எங்களுக்குத் தெரியாதா? போன வருசம் நீங்கதான ரயிலு ஹாரன் சொல்லி நடத்துனீங்க. ஐயாவுக்கு டயலத் திருப்பத் தெரியும், ஏன்னு கேட்டா முழிச்சிகினு இருந்தாரு. நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். எங்க மிஸ் சொன்னதுன்னு சொல்லித்தான் குடுத்தோம்."

தமிழய்யா ஆமாம் என்று தலையாட்டினார்.