கடலில் பிடுங்கிய இரண்டு கம்புகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மனைவியையும் இரண்டு மகள்மாரையும் அழைத்துக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்துத் தீவிலுள்ள ஒரு கடற்கரைக்குப் போனேன். பண்ணைப் பாலத்தைத் தாண்டி அரை மணித்தியால ஓட்டம்தான். கரை நெடுகத் தென்னையும் பனையும். காலை ஏழரை மணிக்கு எங்களைத் தவிர ஒரு சனமில்லை.

நான் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிறவன். பாகலுக்கும் பயிற்றைக்கும் பந்தல் போட்டே பழகிய கை. கடலோடு எனக்குள்ள உறவெல்லாம் மீன் குழம்போடு சரி.

வெயில் ஏறியது. தென்னை நிழல் கீற்றுக் கீற்றாக விழுந்து ஒருவர் தலையைக்கூட மறைக்கவில்லை. மனைவி கொண்டுவந்த பழைய சேலையைக் கட்ட இரண்டு கம்பு கிடைத்தால் போதும். தேடினால், இடுப்பளவு தண்ணீரில் நல்ல நேரான கம்புகள் இரண்டு, சற்று இடைவெளி விட்டு நின்றன. நுனியில் சிவப்புத் துணி வேறு. பழைய வலைக் கம்பாக இருக்கும், யார் கேட்கப் போகிறார்கள் என்று போய் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். உங்களுக்குக் கம்பைக் கண்டால் கை சும்மா இராதே என்று மனைவி சிரித்தாள். சேலையைக் கட்டி, நிழலில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். என் கெட்டித்தனத்தில் எனக்குப் பெரிய திருப்தி.

அப்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா வெறும் பனையோலைக் கடகப் பெட்டியோடு வந்தார். கடலைப் பார்த்தார். பிறகு எங்கள் பந்தலைப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் கம்பு ரெண்டும் எங்கை எடுத்தனீங்கள்?"

காட்டினேன். அவர் முகம் மாறியது. அந்தக் கம்புகளுக்கு நடுவில்தான் படகுகள் கரைக்கு வரும் வழியாம். இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் கல். வேகமாக வரும் படகு கல்லில் ஏறினால் கவிழ்ந்துவிடும், ஆள் தப்புவது அரிது. மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பும் நேரம், தன் மகனும் வருகிறான் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

ஆட்கள் சேர்ந்து அடித்து இறுக்க வேண்டிய கம்பு, சும்மா ஊன்றினால் நிற்காது. அவர் என்னைத் திட்டவில்லை. பந்தலில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு கம்பைத் தான் எடுத்துக்கொண்டு மற்றதை என்னிடம் தந்தார். தண்ணீருக்குள் காலால் தடவி, நான் நிற்க வேண்டிய இடத்தையும் காட்டினார்.

"இதிலை பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. அலை அடிச்சாலும் அசையாதேங்கோ. பொடியள் கம்பைப் பாத்துத்தான் வருவாங்கள்."

எனக்கு நீந்தத் தெரியாது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக்கு அலை நெஞ்சுவரை ஏறித் தள்ளியது. கல் பாதத்தைக் கிழித்தது. கரையில் சின்ன மகள் அழுவது கேட்டது. முதல் படகு நேரே என்மேல் வருவதுபோலத் தெரிந்தபோது, கம்பைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். எதிரே அந்த அக்கா அசையாமல் நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டே நானும் நின்றேன். ஐந்து படகுகள் எங்கள் இருவருக்கும் நடுவால் கரைக்குப் போயின. நான்காவதில் அவர் மகன். அவன் கடந்ததும் ஒரு கையால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

கரைக்கு வந்ததும் படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"கம்பு கழண்டு போச்சு. இந்தத் தம்பிதான் வந்து பிடிச்சவர்" என்றார் அக்கா.

அவர்கள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். ஒரு பை நிறைய விளைமீன் தந்தார்கள். மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு சந்தையிலும் கலியாண வீடுகளிலும் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன், நீந்தத் தெரியாதவன் கடலில் கம்பு பிடித்து ஐந்து படகுகளைக் கரைசேர்த்த கதையாக. ஒவ்வொரு முறையும் அந்த அக்காவின் முகம் நினைவுக்கு வந்து, உள்ளுக்குள் கூசும். அந்தக் கம்புகளைப் பிடுங்கியவனும் நான்தான் என்பதை இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.