சனிக்கிழமைகளில் எங்கள் அறை

திருப்பதியில் நாங்கள் குடியிருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தெருப்பக்கம் வீட்டுச் சொந்தக்காரரின் வளையல் கடை. அதன் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தால் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி எங்கள் அறை. மாதம் பத்து ரூபாய் வாடகை. கல்யாணமாகி மூன்று வருஷம் அங்கே இருந்தோம். என் மகள் அங்கேதான் நடக்கப் பழகினாள்.

என் கணவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட்டில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். ஆந்திரம் தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நகரிக்குப் பக்கத்திலிருக்கும் என் ஊர் ஆந்திரத்திலேயே நிற்குமா, மதராஸோடு சேருமா என்று போகிற இடமெல்லாம் பேச்சாக இருந்தது. எனக்கு அரிசி விலையைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

ஒருநாள் அவர் ஈர வேட்டியோடு ஓடிவந்தார். ஷெட் சுவரில் தெலுங்கில் அச்சடித்த நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்றார்.

“கூலி ஏத்திக்கீறாங்க மே. சர்க்கார் ஆர்டரு. இதுக்குக் கொறைஞ்சி எந்த மொதலாளியும் குடுக்கக் கூடாதாம்.”

அன்று நான் வெல்லம் வாங்கிப் பாயசம் வைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பாயசத்தின் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சம்பளத்தன்று அவர் வந்து பணத்தை என் முன்னால் எண்ணி வைத்தார். கூலியை ஏற்றியது நிஜம்தான். ஆனால் காலை நாஷ்டாவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் அதுவரை கொடுத்துவந்த பேட்டாவை நிறுத்திவிட்டார்கள். மொத்தத்தில் பழைய வரும்படியைவிட நாலு ரூபாய் குறைவு. ஏன் என்று இவர் கேட்டிருக்கிறார். “சர்க்கார் சொன்ன கூலியைக் குடுத்துட்டேன். பேட்டா சட்டத்துல இல்ல. இஷ்டம் லேகபோதே, புடிக்கலன்னா உங்க மதராஸுக்கே போ” என்றாராம் மேனேஜர்.

அவர் பிறந்தது திருப்பதிக்குப் பக்கத்திலிருக்கும் புத்தூரில். மதராஸை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அதைவிடக் கொடுமை, கூலி ஏறிய சேதி மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. பேட்டா நின்றது யாருக்கும் தெரியவில்லை. மளிகைக் கடைக்காரர் வழக்கமாகப் போடும் கொசுறுக் கறிவேப்பிலையைக்கூட நிறுத்தினார். “இன்னும் கொசுறு கேக்கறியே, அதான் கூலி ஏறிப்போச்சாமே” என்று சிரித்தார். நான் முதலில் பாலை நிறுத்தினேன். பிறகு எண்ணெயை. பிறகு மத்தியானச் சாப்பாட்டை, எனக்கு மட்டும். அவர் ஷெட்டுக்குத் தூக்கில் கூழ் கொண்டுபோனார். பெரிய பஸ்களைக் கழுவுகிற ஆளுக்கு அது எந்த மூலைக்கு? சாயங்காலம் வந்ததும் சுருண்டு படுத்துவிடுவார்.

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் நல்ல மழை. சத்திரங்களில் இடமில்லாமல், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் பஸ் ஷெட் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. இவர் மனசு கேட்காமல் எங்கள் அறைக்கு அழைத்து வந்தார். இரண்டு குடும்பம் படுக்க அங்கே இடமேது? நாங்கள் மூன்று பேரும் ஷெட்டில் ரிப்பேருக்கு நின்றிருந்த ஒரு பஸ்ஸில் போய்ப் படுத்தோம். காலையில் அவர்கள் மலைக்குக் கிளம்பும்போது இவர் கையில் இரண்டு ரூபாயைத் திணித்துவிட்டுப் போனார்கள். இவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நானே அவரிடம் சொன்னேன். “பஸ்ஸ்டாண்டுல யாராச்சும் எடமில்லாம நின்னுக்கினு இருந்தா கூட்டிக்கினு வாங்க.”

“குடியிருக்கிற எடத்த வாடகைக்கு வுடறதா?” என்றார்.

“பின்ன இன்னாத்த துன்றது?”

வளையல் கடைக்காரர் கேட்டால் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் என்று சொல்வதாக முடிவு செய்தோம். மூன்றாவது சனிக்கிழமைக்கு வந்தவர்கள் சேலத்துக்காரர்கள். கணவன், மனைவி, மாமியார், ஒரு வயதுக் குழந்தை. அந்த மனைவி நல்லவள்தான். எனக்கு அவள் மேல் ஒரு குறையும் இல்லை. நான் பெருக்கி, தண்ணீர் இறைத்து வைத்து, அடுப்பு மூட்டிக் கொடுத்தேன்.

“இந்த வீட்டம்மா எங்கே?” என்று கேட்டாள்.

“ஊருக்குப் போய்க்கீறாங்க” என்றேன்.

“நீ இங்கே வேலை செய்யறியா?”

“ஆமாம்மா.”

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. என் கோலப்பொடி டப்பா மூலையிலும், என் மாற்றுப் புடவை கொடியிலும் கிடக்க, என் அறையிலேயே நான் வேலைக்காரியாக நின்றேன். அவள் தன் குழந்தையை என் மகளின் தூளியில் போட்டு ஆட்டினாள். என் மகள் அதைப் பார்த்துவிட்டாள். தூளித் துணியைப் பிடித்து இழுத்து, “என்து, என்து” என்று அலறினாள்.

“பாப்பாவைக் கொஞ்சம் வெளியே தூக்கிட்டுப் போம்மா. இது இப்பத்தான் கண்ணசந்துது” என்றாள் அந்தப் பெண். தணிந்த குரலில்தான் சொன்னாள். மகள் கையில் ஒரு வடையும் கொடுத்தாள். கிணற்றடியில் உட்கார்ந்து மகள் அதைத் தின்றாள். அழுகையெல்லாம் நின்றுவிட்டது. வடை தீர்ந்ததும் இன்னொன்று கேட்கச் சொல்லி என்னைப் பார்த்தாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது.

சேலத்துக்காரி போகும்போது முன்கடையில் வளையல் வாங்கியிருக்கிறாள். வாங்கும்போது, சத்திரத்தைவிட உங்கள் பின்கட்டு அறை எவ்வளவோ மேல், இரண்டு ரூபாய்தான் கொடுத்தோம், தண்ணீருக்கும் அடுப்புக்கும் ஆள் வேறு இருக்கிறது என்று கடைக்காரரிடம் மனதாரப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

கடைக்காரர் அன்று மத்தியானமே வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“ஏமம்மா, ஒரு ராத்திரிக்கு ரெண்டு ரூபா வாங்கறியாமே? நீ எனக்கு மாசத்துக்குப் பத்து குடுக்கறே.”

“பேட்டாவை நிறுத்திட்டாங்க ஐயா. கொயந்தைக்குப் பாலுகூட இல்ல. அதனாலதான்…”

“அதெல்லாம் எனக்கெதுக்கு? கூலி ஏறிப்போச்சுன்னு ஊரே சொல்லுது. இனிமே இருபது குடு. இல்லன்னா தீபாவளிக்குள்ள காலி பண்ணு. யாத்ரீகருங்களுக்கு நானே விட்டுக்கறேன்.”

அந்த யோசனை அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நாங்கள்தான் காட்டிக்கொடுத்தோம்.

சாயங்காலம் வந்த கணவர் என் மேல் பாய்ந்தார். “அவ கடைக்குப் போறப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“அவ உட்ட பாத்திரத்தக் கழுவிக்கினு இருந்தேன்” என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்தும் நான் கிட்டப் போகவில்லை. நானும் மனுஷிதானே.

இருபது ரூபாய்க்கு வழியில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அவர் ஷெட்டிலேயே தங்கிக்கொள்ளப் போனார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி என் நைனா வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் நைனா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். அண்ணி இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். அந்தத் தட்டு வைத்த சத்தம் எப்படி இருந்தது என்று வாழாவெட்டியாகத் திரும்பிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். நான் வாழாவெட்டியும் இல்லை. வாடகை கொடுக்க முடியாதவள், அவ்வளவுதான்.

மாதம் ஒரு தடவை அவர் வருவார். ஊரில் எல்லைப் பேச்சு சூடாக இருந்த சமயம். எங்கள் ஊர் மதராஸோடு சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் அவரிடம் சொன்னார். “அங்க பேட்டா குடுக்கறாங்களா?” என்று இவர் கேட்டார். அது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் எல்லாரும் என் அப்பாவை நைனா என்று கூப்பிட்டதால் என் மகளும் அவரையே நைனா என்றாள். பெற்றவரைக் கூப்பிட ஒரு சொல் மிச்சமில்லாமல் போயிற்று. அவர் வாசலில் நின்றால், “பஸ்ஸு மாமா வந்துக்கீறாரு” என்று உள்ளே ஓடிவருவாள். முதல் தடவை எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் அவர் வரவில்லை, பணம் மட்டும் வந்தது.

இப்படி இரண்டரை வருஷம். பிறகு சித்தூரில் வேறொரு கம்பெனியில் கண்டக்டர் வேலை கிடைத்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து எங்களை அழைத்துக்கொண்டார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் அவரைக் காட்டி, “இவர் யாரும்மா?” என்று விளையாட்டாகக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுக்கும்வரை காத்திருந்தாள்.