சாயாத கோன்

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. காலையில் வழக்கம்போல ஜெபம், இட்லி, குடை. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் நான் சூளை சூப்பர்வைசராக இருக்கும் பீங்கான் பொம்மை யூனிட்டுக்குப் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, கிளிப் வெளியே தெரியும்படி சட்டைப்பையில் செருகினேன். முந்தின நாள் சுட்ட சூளையை அன்று திறக்க வேண்டும். உள்ளே கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள்: மரியாள், யோசேப்பு, பாலகன், மேய்ப்பர்கள், ஆடுகள், கழுதை.

சுட்டால் பளபளக்கும் கிளேஸ் பூச்சில் பொம்மைகளை முக்கும் மரியசெல்வி, எங்களுக்கு மரியா, அவற்றை மாதா, சூசையப்பர் என்பாள். அவள் கத்தோலிக்கப் பெண், நான் லுத்தரன் சபையில் அவ்வப்போது பிரசங்கம் செய்கிறவன். பொம்மையின் பெயரிலேயே ஒத்துப்போகாதவர்கள் மோட்சத்துக்குப் போகும் வழியிலா ஒத்துப்போவோம்? பத்து மணி டீயில் தினமும் இதே பேச்சுதான். விசுவாசம் ஒன்றே போதும், நற்கிரியையைக் காட்டி யாரும் பரலோகத்துக்குள் நுழைய முடியாது என்று நான் விளக்குவேன். அவள் வடையைப் பிட்டு எனக்கும் பாதி கொடுத்துவிட்டு, நற்செயல் இல்லாத விசுவாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பாள். வடையைத் தின்றுகொண்டே மறுப்பேன்.

அந்த மாதம் பேச்சுக்கு ஒரு ஆள் கிடைத்திருந்தார். பொம்மைகளைப் பலகையோடு சூளைக்குச் சுமந்து அடுக்கும் ஆனந்தன், கம்மாபுரத்துக்காரர், மழைச் சேற்றில் பைக்கோடு விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அவர் நிலம் ஏற்கெனவே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. இந்த வேலைதான் மிச்சம். அவர் திரும்பி வரும்வரை அவர் சுமையை எல்லோரும் பங்குபோட்டுச் சுமந்தால் அவர் இடம் போகாது என்றாள் மரியா. மற்றவர்கள் சுமக்கத் தொடங்கினார்கள். நான் மாட்டேன் என்றதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று இறையியல், மற்றொன்று இடுப்பு. இறையியலை மட்டும் சொன்னேன். ஆனால் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஆனந்தனுக்காக நீளமாக ஜெபித்தேன். முடிக்கும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. நல்ல ஜெபம் என்று மூன்று பேர் சொன்னார்கள்.

இனி சூளைக்கு வருகிறேன். கதவைத் திறந்ததும் மேல் தட்டுகள் பளபளத்தன. கீழ்த் தட்டுகளில் எல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கிளேஸ் உருகவே இல்லை. மீட்டரில் சூடு சரியாக ஏறியதைப் பார்த்துத்தான் பர்னரை அணைத்திருந்தேன்.

புதிதாகச் சூளைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டரின் கம்பி மேலே ஓரிடத்தில்தான் இருக்கிறது. அது அந்த இடத்துச் சூட்டைத்தான் சொல்லும். சூடு மண்ணுக்குள் போய் வேலை செய்ததா என்று சொல்வது கோன். சுண்டுவிரல் அளவில் ஒரு மண்கூம்பு. பொம்மைகளோடு உள்ளே நிற்கும். வேண்டிய அளவு வெந்ததும் தலை சாய்ந்துவிடும். அதைச் சூளைக் கதவிலுள்ள துளை வழியாகப் பார்த்த பிறகுதான் அணைக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு: ‘விசுவாசம் மட்டும்’. கீழ்த்தட்டுக் கோன் அணிவகுப்பில் நிற்கும் போலீஸ்காரர்போல நிமிர்ந்து நின்றது.

முதலாளி வந்து பார்த்தார். கத்தவில்லை. வெள்ளிக்கிழமை வேன் வரும், நாளைக்கே மறுபடியும் அடுக்கிச் சுட வேண்டும் என்றார். பிறகு கழுதையைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டே சொன்னார்: “இருக்கறவங்க ஏற்கெனவே ஒரு ஆள் சுமைய சேத்து சுமக்கறாங்க. இதுல ரெண்டாவது வாட்டி வேற. நாளைக்குக் காலையில கை பத்தலன்னா கருவேப்பிலங்குறிச்சி ஆளு ஒருத்தரப் போட்டுடறேன் சாமுவேலு. அப்புறம் ஆனந்தன் வந்து நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“ஜெபிக்கறேங்க” என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அவர் என்னையும் கழுதையையும் மாறி மாறிப் பார்த்தார். கழுதையைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மரியா கிளேஸ் வாளியிலிருந்து கையை எடுத்தாள்.

“அண்ணே, ஒரு சந்தேகம். கோனா சூடு குடுக்குது?”

“இல்லம்மா, தீதான் குடுக்குது. அதத்தானே நானும் சொல்றேன். நற்கிரியை யாரையும் ரட்சிக்காது.”

“சரிங்க, ஒத்துக்கறேன். தீ ஆண்டவரோடது. இந்தக் கோனு இப்படி வெறச்சிக்கினு நிக்குதே, இதுக்கு என்னா அர்த்தம்?”

“தீ இதுவரைக்கும் வந்து சேரலன்னு அர்த்தம்.”

“ஆனந்தன் வூட்டுக்கு ஒரு வாட்டியாவது போனீங்களா?”

கோனை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினேன். மெல்லுவதற்கு அப்போது வடையும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் பிரசங்கக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தப்பென்று அடித்துவிட ஒரு வரிகூட இல்லை. கோன் சூளையைச் சுடாது. இன்றைக்கும் அதுதான் என் கட்சி. மீட்பு கிருபை, கூலி அல்ல. ஆனால் நெருப்பு உள்ளே வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் பிரசங்கித்துக்கொண்டிருந்தவன், துளை வழியாகத் தன்னை ஒருமுறையும் எட்டிப் பார்க்கவில்லை. என் மீட்டரை நான் நம்பினேன். மீட்டரும் என்னைப் பற்றி நல்லபடியாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால், பேனாவோடு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பக்கத்து ஆணியில் தொங்கிய ஆனந்தனின் துண்டைத் தோளில் மடித்துப் போட்டு, மேய்ப்பர்களும் கழுதையும் நின்ற பலகையைத் தூக்கினேன். முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சூளை வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு தன் கட்சியைச் சொல்லிவிட்டது. உடம்பு ஒரு பக்கமாக வளைந்தது.

பின்னாலிருந்து மரியா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “சாயுதுங்க அண்ணே, சாயுது. தீ வந்துடுச்சி.”