தண்ணி தராதவள்

என் அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் அது. கல்யாணப் பந்தியிலும் காதுகுத்திலும் கோவில்பத்து பஸ் நிறுத்தத்திலும் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து வந்த பெயர். கட்டின புருஷன் தவித்த வாய்க்குத் தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினாராம், தரலையாம்.

‘ஆம்’ எதற்கு? உண்மைதான். தரவில்லை. தராததால்தான் அப்பா பிழைத்தார். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அழுது, கத்தி, படம் போட்டுக்கூட. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் செம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்துக்கொண்டே, “இருந்தாலும்…” என்பார்கள். அந்த ‘இருந்தாலும்’ மீதுதான் எனக்குக் கோபம். தலை நரைத்துவிட்டது, அது ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசியில், கத்திரி வெயிலில் நடந்தது. நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அப்பா வழக்கம்போலக் காலையில் நீராகாரம் குடித்துவிட்டு, சைக்கிளை மிதித்து டவுன் ஆபீசுக்குப் போனார். உச்சிவேளைக்கு முன் நாற்காலியிலிருந்து எழுந்தவர் எழுந்த வாக்கில் சாய்ந்தார். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

எங்கள் பக்கம் யார் விழுந்தாலும் முதலில் ஓடிவருவது சோடா. சைக்கிள் இடித்தாலும் சோடா, பாம்பு கடித்தாலும் சோடா, பரீட்சையில் பெயிலாகி மயங்கினாலும் சோடா. அன்றைக்கும் வந்தது. கூட வேலை பார்த்தவர்கள், அப்பாமேல் உயிரையே வைத்திருந்தவர்கள், அவரை மல்லாத்திப் படுக்கவைத்துத் தாடையைப் பிடித்து கோலி சோடாவை வாயில் கவிழ்த்தார்கள். பாட்டில் காலியானதும் குடிச்சுட்டாரு, குடிச்சுட்டாரு என்று சந்தோஷப்பட்டார்களாம். அவர் குடிக்கவில்லை. அது உள்ளே போயிருந்தது. எங்கே போகக்கூடாதோ அங்கே.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் நெஞ்சில் காதுக்குழாயை வைத்த டாக்டர், சோடா என்று கேட்டதும் முகம் சிவந்தார். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் மட்டும் பேசினார்.

“தொண்டையில ரெண்டு வழி இருக்கும்மா. சோத்துக்கு ஒண்ணு, மூச்சுக்கு ஒண்ணு. முழுங்கும்போது மூச்சு வழி தானா மூடிக்கும். இவருக்கு இப்ப மூடல. ஒரு ஸ்பூன் தண்ணி போதும். கடல்ல போயி முங்க வேண்டாம், இந்தக் கட்டில்லயே முங்கிடுவாரு.”

நரம்பு வழியாகத் தண்ணீர் ஏறுகிறது, உதட்டை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள், யார் வந்து கேட்டாலும் நான் சொல்லும்வரை வாய்வழியாக ஒன்றும் கூடாது என்றார். அம்மா “சரிங்க” என்றாள். அந்தச் ‘சரிங்க’வைத்தான் ஆயுசு முழுக்கச் சுமந்தாள்.

அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தால் எல்லாருக்கும் சுலபமாக இருந்திருக்கும். தப்பவில்லை. வார்டில் மின்விசிறி வெந்த காற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் பாட்டிலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குவது அவர் கண்ணுக்கும் தெரிந்தது. பேச்சு இல்லை. இடது கை மட்டும் எழும், கட்டைவிரல் வாயைக் காட்டும், விழும். மறுபடி எழும். அம்மா வெள்ளைத் துணியை நனைத்து, அதில் ஒரு சொட்டும் மிஞ்சாதபடி முறுக்கிப் பிழிந்து, உதட்டை ஒற்றுவாள். அவர் துணியைப் பல்லால் கவ்விக்கொள்வார். அம்மா விரலை விட்டு மெல்ல உருவுவாள். புருஷன் வாயிலிருந்து ஈரத்துணியை உருவுகிற பெண்ணைத்தான் ஊர் பார்த்தது. அதற்கு முன் அவள் பிழிந்த பிழியலை யார் பார்த்தார்கள்?

பிறகு தண்ணீர்கள் வர ஆரம்பித்தன. அப்பாவோடு வேலை பார்த்த பாய், ஹஜ்ஜுக்குப் போன தன் மாமா கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரை ஒரு மருந்துப் புட்டியில் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். தெருவே அவரை, சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லில், சொல்தா என்றுதான் கூப்பிடும். அவர், நீலக் கிரீடம் மூடியாக வைத்த மாதா உருவப் பாட்டிலில் லூர்துத் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா இருவரிடமும் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பாய் புட்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும், குணமானதும் குடிக்கட்டும் என்றார். சொல்தா தன் விரலை நனைத்து அப்பா நெற்றியில் தொட்டுவிட்டுப் போனார். அவர்களுக்குப் புரிந்தது. சொந்த ரத்தத்துக்குத்தான் புரியவில்லை.

அத்தை, அப்பாவின் அக்கா, காசிச் சொம்போடு வந்தார். காசிக்குப் போய்வந்தவர்கள் கங்கைத் தண்ணீரோடு கொண்டுவரும் சின்னச் செப்புச் சொம்பு. வாயை ஈயம் வைத்து அடைத்திருக்கும். பூசை அலமாரியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் ஓர் உயிர் பிரியும் நேரத்தில்தான் அதைப் பிரிப்பார்கள். அத்தை பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைத்தெருவில் ஈயம் பூசுகிறவனிடம் கொடுத்துப் பிரித்தே கொண்டுவந்துவிட்டார். தம்பியின் சாவை அவர் வழியிலேயே முடிவு செய்திருந்தார்.

தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். அன்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அன்புதான், கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“ஊத்துனா செத்துடுவாங்க அண்ணி,” என்றாள் அம்மா.

“சாகப்போறவனுக்குத்தாண்டி ஊத்துறது.”

“சாகப்போறாங்கன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“தண்ணி கேக்குற வாயில மண்ணப் போடாதடி. நாக்கு வறண்டு போற உசுரு எங்கயும் போவாது. ஒன் வாசல்லதான் சுத்தும்.”

“சுத்தட்டும் அண்ணி. உசுரோட சுத்தட்டும்.”

அன்றைக்கு அத்தை பின்வாங்கினார். ஆனால் போகவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, வருகிற போகிற சனத்திடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் நர்ஸ் எழுதிக்கொடுத்த மருந்தை வாங்க அம்மா வெளிக்கடைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே வந்தார். பெத்த அப்பன் தவிக்கிறதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறியே, நீயும் ஒரு பொண்ணா என்று என்னைக் கேட்டுக்கொண்டே கரண்டியைச் சொம்பில் விட்டார். நான் அவர் கையைப் பிடிப்பதற்குள் ஒரு கரண்டி போய்விட்டது. இரண்டாவது மெத்தையில் கொட்டியது.

அப்பா அதை ஆசையோடு வாங்கிக்கொண்டார், பால்குடிப் பிள்ளை மாதிரி. பிறகு இருமினார். அது இருமல்கூட இல்லை. இருமத் தெரியாதவன் இருமப் பார்ப்பது. கண் பிதுங்கியது. நகக்கண்ணெல்லாம் நாவல்பழ நிறம். நான் கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து அவரை ஒருக்களித்துப் புரட்டி, குழாயை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டார். கொரகொரவென்று சளியும் தண்ணீரும் கண்ணாடி ஜாடியில் வந்து விழுந்தன. காசியிலிருந்து அத்தனை தூரம் வந்த தண்ணீர், வந்து சேர்ந்த இடம் அது.

கடலில் விழுந்தவனைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளே போன தண்ணீரை வெளியே எடுக்க எங்கள் பக்கத்து மீனவக் கிராமமான கிளிஞ்சல்மேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அலை குடித்தவன் சாவான் என்பதை இந்தக் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதே கரைதான் கட்டிலில் கிடப்பவனை மல்லாத்தி, வாயைத் திறந்து, கரண்டி கரண்டியாகக் கடலை ஊற்றுகிறது. உப்பில்லாத தண்ணீர் என்றால் மூழ்கடிக்காதா? மந்திரம் சொன்னால் நுரையீரல் வயிறாகிவிடுமா?

அத்தை கரண்டியோடு அப்படியே நின்றிருந்தார். கண்ணால் பார்த்துவிட்டார், இனிப் புரிந்துவிடும் என்று நம்பினேன். அவர் வராந்தாவுக்குப் போய்ச் சொன்னது இதுதான்:

“பொண்ணு கையைத் தட்டிவிட்டா. அதான் பொறையேறிடுச்சு. அந்தக் கடைசித் தண்ணியும் எறங்க விடல பாவிங்க.”

மருந்தோடு திரும்பிய அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். ஸ்டூலை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தவள், அதன்பிறகு வார்டைத் தாண்டிப் போகவே இல்லை. சோடாவால் வந்து தணிந்திருந்த காய்ச்சலை அந்த ஒரு கரண்டி மறுபடி ஏற்றிவிட்டது. அது இறங்கும்வரை நானும் அம்மாவும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இறங்கியது. டாக்டர் அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை நெஞ்சோடு குனியவைத்து, கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி கால் கரண்டி கொடுத்துப் பார்த்தார். இறங்கியது. தண்ணீர்தான் ஆகாது, கூழாக இருந்தால் மெதுவாக வழி தெரிந்து போகும் என்றார். வீட்டுக்கு வந்தோம்.

அத்தையின் சொம்பு எங்களோடு வந்துவிட்டது. பிரித்த சொம்பைத் திரும்ப எடுத்துப் போகக்கூடாது என்று அவர் கட்டிலுக்கடியிலேயே விட்டுப் போயிருந்தார். அம்மா மிச்சத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினாள். சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்து, அதில் ஆரோரூட் மாவைக் கொட்டி வைத்தாள். அப்பாவுக்குக் கெட்டியாகக் காய்ச்ச எடுக்கும் மாவு. இதற்கு ஊர் ஒரு பெயர் வைக்கவில்லை.

பொங்கலுக்கு அத்தை வந்திருந்தபோது அப்பாவுக்குக் கொஞ்சம் பேச்சு திரும்பியிருந்தது. சொல் சொல்லாகத்தான் வரும். அன்றைக்கு அக்காவைப் பார்த்ததும் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் வந்தது. கண்ணில் நீர் வழிய அவர் சொன்னார்: “தண்ணி கேட்டேன்க்கா. தரல.”

அத்தை எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொல்லும்மா, டாக்டர் சொன்னதைச் சொல்லு, ஜாடியில் வந்ததைச் சொல்லு என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“கொற சொல்றதுக்கு ஒங்கப்பா இருக்காங்கல்ல,” என்றாள். கிளறுவதை நிறுத்தவில்லை.

அவளுக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. உள்ளே இருந்து பார்த்தால் தாகம் மட்டும்தான் தெரியும் என்று அப்பாவை மன்னித்தேன். வெளியே நின்று பார்த்தவர்களை என்ன செய்வது?

எண்பதுகளில் அப்பா தண்ணீரைத் தண்ணீராகவே குடிக்கப் பழகிவிட்டார், தாடையைக் குனிந்து, சிறு மடக்காக. ஒரு மத்தியானம் அத்தை வெயிலில் வந்து இறங்கி, கூடத்தில் சாய்ந்துகொண்டு தண்ணீர் கேட்டார். அம்மா பானையிலிருந்து மொண்டு வந்து நீட்டினாள்.

“பரவால்லடி, எனக்காவது தர்ற,” என்றார் அத்தை.

அம்மா சிரித்துவிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தம்ளரும் கையுமாக இருந்த அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, இழுத்த வாயின் ஒரு பக்கமாக. தண்ணீர் உதட்டுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான், அம்மாவின் சிரிப்பு நின்றது. ஒரே எட்டில் போய் அவர் தாடைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள்.

“சிரிச்சுக்கிட்டே குடிக்காதீங்க. மொதல்ல முழுங்குங்க.”

அவர் முழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள்.