ரோஸ்ட்டை எடுத்துவிட்ட தட்டு

இந்த ஊரில் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டால், நீங்கள் எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு அந்தக் கேள்வி கூச்சமாக இருந்தது. பாளையங்கோட்டையில் எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் போதும், இலையில் என்ன விழலாம் என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஒருவர் கேட்டால் அவர் சாதியை விசாரிக்கிறார் என்று அர்த்தம். டெக்சஸில் அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு கேள்வி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஆனாலும் அதற்குச் சரியான பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்பது, தொண்ணூற்றேழில் டோனா எனக்கு போன் செய்தபோதுதான் தெரிந்தது.

டோனா, என் தம்பி செந்தில் விரும்பிய கேட்டியின் அம்மா. நாங்கள் இருந்தது ரவுண்ட் ராக் என்ற ஊரில். என் கணவர், செந்தில், கேட்டி மூவருக்கும் ஒரே கம்பெனி. கேட்டியின் அப்பா க்ளென் வடக்கே டெம்பிள் என்ற ஊருக்குப் பக்கத்தில் மாடு வளர்க்கிறவர். பால்மாடு இல்லை, இறைச்சிக்கு வளர்ப்பது. இந்தியாவிலிருந்து எங்கள் அம்மா வந்திருப்பது தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை டின்னருக்கு வரச்சொல்லி டோனா கூப்பிட்டார். டின்னர் என்றாலும் பகல் பன்னிரண்டரைக்கு. சர்ச் முடிந்து வந்து, அடுப்பில் காலையிலிருந்து வெந்துகொண்டிருக்கும் மாட்டிறைச்சி ரோஸ்ட்டை எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம்.

"அம்மா எதைச் சாப்பிடமாட்டாங்க?"

"மாமிசம் எதுவும் சாப்பிடமாட்டாங்க."

"சிக்கன்?"

"அதுவும்தான். மீனும் கிடையாது."

"பரவாயில்ல, ரோஸ்ட்டை எடுத்துட்டா மீதி எல்லாம் காய்தானே" என்றார் டோனா, நிம்மதியாக. எனக்கும் அது சரியென்றே பட்டது.

அந்தச் சாப்பாட்டை நம்பித்தான் கல்யாணமே இருந்தது. கேட்டியைப் பற்றி செந்தில் வீட்டில் சொன்ன நாளிலிருந்து அப்பா அவனோடு பேசவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். "மாடு அறுக்குற வீட்ல போய் எப்படிக் கை நனைக்கிறது?" என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை கேட்டாராம். அடுத்த மழைக்காலத்தில், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். செந்தில் போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தான். அம்மா சரி என்று சொல்லாமல் தாலி கட்டமாட்டேன் என்றான். கேட்டி அந்த வருடம் முழுக்கப் பொறுத்திருந்தாள். அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் தன்னால் இதற்குமேல் காத்திருக்க முடியாது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை.

ஞாயிறு காலை அம்மா பட்டுச்சேலை கட்டி, பையில் தேங்காய் பழத்தோடு வந்து நின்றாள். டெம்பிள் போகிறோம் என்று செந்தில் சொன்னதைக் கோயில் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அது ஊர் பேரும்மா."

"அப்படின்னா அங்க என்ன சாமி?"

"சாமியெல்லாம் இல்ல. சும்மா பேரு."

அம்மா பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே காரில் வந்தாள். ஃப்ரீவேயை விட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் கம்பிவேலி, புல்வெளி, கறுப்பு மாடுகள். அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். இவை கேட்டி வீட்டு மாடுகளா என்று கேட்டுவிடுவாளோ என நான் பயந்தபடியே இருந்தேன்.

வாசல் கதவைத் திறந்ததும் இறைச்சி வெந்த வாடை வந்தது. டோனா அம்மாவைக் கட்டிக்கொண்டார். மேஜை நடுவில் பெரிய பாத்திரத்தில் ரோஸ்ட், அதைச் சுற்றி உருளைக்கிழங்கும் கேரட்டும், பக்கத்தில் பழுப்பு நிறக் குழம்பு ஒரு சின்னக் கிண்ணியில், பீன்ஸ், மக்காச்சோள மாவில் சுட்ட கார்ன்பிரெட். அம்மாவுக்காக ஒரு தட்டில் ரோஸ்ட் மட்டும் இல்லாமல் எல்லாவற்றையும் அழகாக வைத்திருந்தார் டோனா. கேட்டி அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

சாப்பிடும் முன் எல்லாரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்வார்களாம். அம்மாவின் வலது பக்கம் க்ளென். வெயிலில் காய்ந்த பெரிய கையை அவர் மேஜைமேல் நீட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். விரல் நுனிகளை மட்டும் அதில் வைத்தாள்.

க்ளென் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பேசினார். உணவுக்கும் விருந்தாளிகளுக்கும் நன்றி சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, பாடம் பண்ணி வைத்திருந்தவர்போல ஒவ்வொரு எழுத்தாக, "சிவ... சுப்ர... மேனியன்" என்றார். "அவர் இன்னிக்கு இங்க இருந்திருக்கணும். அவர் குடும்பத்துக்கு ஆறுதல் கொடும்." கேட்டிதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னை முன்னால் தள்ளிச் சொல்லவைப்பாள். அவர் போன பிறகு வீட்டில் எல்லாருக்கும் அவர் 'அவுக' ஆகிவிட்டார், இல்லையென்றால் 'உங்க அப்பா'. அந்தப் பெயர் முழுதாக ஒலித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அது இங்கே, வெந்த மாட்டிறைச்சிக்கு முன்னால், அதை வளர்த்தவர் வாயிலிருந்து வந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெபம் முடிந்த பிறகும் கையை இழுத்துக்கொள்ள மறந்துபோயிருந்தாள்.

பிறகுதான் அம்மாவின் தட்டைப் பார்த்தேன். பீன்ஸுக்கு நடுவே ஏதோ சிவப்பாகச் சின்னத் துண்டுகள். என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு டோனாவிடம் கேட்டேன்.

"அதுல மாமிசம் ஒண்ணும் இல்லையே. ருசிக்குக் கொஞ்சம் பேக்கன் போட்டேன், அவ்வளவுதான்."

பேக்கன் பன்றி. உருளைக்கிழங்கும் கேரட்டும் ரோஸ்ட்டோடு ஒரே பாத்திரத்தில், அதன் சாற்றிலேயே வெந்தவை. நான் சொல்லச் சொல்ல டோனாவின் முகம் சிவந்தது. எழுந்து வந்து அம்மாவின் தட்டை எடுத்தார். எடுத்தவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அப்ப இவங்களுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்லையே" என்றார். ரோஸ்ட்டை எடுத்துவிட்டால் மீதியும் ரோஸ்ட்டாகவே இருக்கிறது என்பது அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது. செந்தில் யாரையும் பார்க்கவில்லை.

க்ளென் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். உயரமான கண்ணாடித் தம்ளர் ஒன்றில் கார்ன்பிரெட்டைப் பிய்த்துப் போட்டு, மேலே பட்டர்மில்க்கை ஊற்றி, நீளமான கரண்டியால் அழுத்தி, அம்மா முன்னால் வைத்தார். ஞாயிறு சாயங்காலம் தான் சாப்பிடுவது அதுதான், தன் அப்பாவும் அதைத்தான் சாப்பிட்டார் என்றார்.

"என்னட்டி இது?"

"மோரும்மா. அதுல ரொட்டி." மறைக்க மனம் வரவில்லை. "ரொட்டியில முட்டை இருக்கும்."

அம்மா தம்ளரைப் பார்த்தாள். "பேக்கரியில கேக்கு வாங்கித் திங்கும்போது முட்டை இருக்கான்னு யாரு கேட்டா?" என்றாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு மென்றாள். "உப்பு வேணும்."

நான் மொழிபெயர்க்கும் முன்பே க்ளென் உப்பை நகர்த்தினார். கேட்டி நாப்கினால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா தம்ளரைக் காலி செய்தாள். புறப்படும்போது தேங்காயையும் பழத்தையும் டோனா கையில் கொடுத்தாள். தேங்காயை எப்படி உடைப்பது என்று டோனா கேட்க, க்ளென் சுத்தியல் எடுத்துவரப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகக் குளியலறைக்குப் போய், சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிப்பதுபோல, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பட்டுச்சேலையை வாளியில் நனைத்துப் போட்டாள். ஈரத்தலையோடு வந்து செந்தில் எதிரே உட்கார்ந்தாள்.

"நாள் பாருங்க."

"நிஜமாவாம்மா?"

"சொல்லுதேன்லா. நல்ல மனுசங்க. ஆனா அந்த மேசையில என்னால இன்னொரு தரம் உக்கார முடியாது. அவளைக் கட்டிக்கோ. அங்க என்னைய கூப்பிடாத."

செந்தில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் அழுதான். அம்மாவோடு நான் வாதாடவில்லை. அவள் சொன்ன இரண்டும் உண்மை என்று தோன்றியது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கல்யாணம் பேர்லேண்ட் என்ற ஊரில் இருக்கும் இந்துக் கோயிலில் நடந்தது. க்ளென் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வேட்டியை ஒரு கையால் பிடித்தபடியே நின்றார். இரண்டு வருடம் கழித்து அவர் மாரடைப்பில் போய்விட்டார். செய்தியை போனில் சொன்னபோது அம்மா, "சம்பந்தியம்மா தனியாவா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

டோனா மாடுகளை விற்றுவிட்டு ரவுண்ட் ராக்கிலேயே செந்தில் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். இந்தக் கோடையில் அம்மா மறுபடி வந்திருக்கிறாள். ஞாயிறு பகலில் டோனா செந்தில் வீட்டு அடுப்பில் ரோஸ்ட்டை வைக்கிறார். அப்போது அம்மா பின்பக்கம், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பேத்தியின் சின்ன நாற்காலியை நிழலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். குழந்தை கதவைத் தள்ளித் தள்ளி இரண்டு பக்கமும் ஓடுகிறது. அம்மா தமிழில் கேட்பதற்கு இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு உள்ளே வருகிறது. போன வாரம் அது திறந்துபோட்ட கதவை மூட எழுந்து போனேன்.

"அக்கா, கதவைச் சாத்து. ஏசியெல்லாம் வெளிய போகுது" என்றான் செந்தில்.

"சாத்தாதட்டி" என்றாள் அம்மா. "நீங்க பேசுதது கேக்கட்டும்."

முதுகில் குளிரும் முகத்தில் டெக்சஸ் வெயிலுமாக, கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.