குருத்தோலை மீன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலையில், வண்ணார்பேட்டையில் எங்கள் பங்குக் கோயிலின் பின்முற்றத்தில் நடந்தது இது. என் கணவர் இறந்து அப்போது ஒரு மழைக்காலம்தான் கழிந்திருந்தது.

அந்தக் கோயிலில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தருகிறேன். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள். கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பேசாதீர்கள் என்று பிறருக்குச் சைகை காட்டியே காலத்தைக் கழித்தவளுக்கு, இந்தப் பிள்ளைகளின் இரைச்சல் முதலில் திகைப்பாக இருந்தது. பிறகு அது தேவையாகிவிட்டது. அவர் போன பின், வாரத்தில் நான் உரக்கப் பேசுவது அந்த ஒரு வகுப்பில் மட்டும்தான் என்று ஒரு நாள் புரிந்தது. மற்ற நாள்களில் கடைக்காரரிடம் ஒன்றிரண்டு சொல், பெங்களூரில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். சன்னலுக்கு வெளியே புறவழிச்சாலைப் பேருந்துகளில் நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் கேட்கும் மனிதக்குரல் பெரும்பாலும் அதுதான்.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்காருவது வழக்கம். திருமணமான நாளிலிருந்து நானும் அவரும் அங்கே சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. அதனால் பூசை நேரத்தில் மட்டும், அவர் அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு தூண் மறைவில் இருப்பதாக எண்ணிக்கொள்ள முடிந்தது. திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும். பூசை முடிந்து வெளியே வந்து, செருப்புகள் கிடக்கும் இடத்தில், அவருடையது பக்கத்தில் இல்லாமல் என்னுடையது மட்டும் தனியே கிடப்பதைப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணம் கலையும்.

அவர் கடற்கரை ஊரில் பிறந்தவர். வேலைக்காகத் திருநெல்வேலிக்கு வந்து, தாமிரபரணிக் கரையில் வாழ்ந்து முடித்தவர். "ஆத்து மீனுக்கு உப்புத் தெரியாது" என்று கடைசிவரை குறை சொன்னார். சிறு வயதில் வலை முடைந்த விரல்கள் அவருடையவை, சும்மா இருக்காது. குருத்தோலை ஞாயிறு அன்று கையில் கொடுக்கும் பனங்குருத்தை, இயேசுவின் பாடுகளை நீளமாக வாசித்து முடிப்பதற்குள் ஏதாவது ஒன்றாக முடைந்துவிடுவார். எல்லாரும் சிலுவை முடைவார்கள். அவரும் சிலுவைதான் முடைவார். அந்தக் கடைசி ஆண்டு மட்டும், ஏனென்று தெரியவில்லை, ஒரு மீன் செய்தார். செருப்பு போடும் இடத்தில் என் கையில் வைத்து, "இந்தா, ஒனக்குக் கொழம்புக்கு" என்றார். பூசை முடிந்த வாசலில் என்ன கேலி என்று கடிந்துகொண்டேதான் வாங்கினேன். வீட்டில் சிலுவைக்குக் கீழே ஓர் ஆணியில் அது தொங்கியது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வைக்கோல் நிறமாகியது. ஐப்பசியில் அவர் போய்விட்டார்.

அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். குருத்தோலை ஞாயிறு அன்று மந்திரித்து வாங்கிய ஓலையை நாங்கள் ஓராண்டு வீட்டில் வைத்திருப்போம். அடுத்த தவக்காலம் வரும்போது கோயிலுக்கே திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிடுவோம். எல்லார் வீட்டு ஓலையையும் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் மறுநாள் சாம்பல் புதனன்று குருவானவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் இடுவார். நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டுவார். அதிலிருந்து தவக்காலம் தொடங்கும்.

இதைத்தான் அதற்கு முந்திய ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வாதாம் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓலைய ஏன் டீச்சர் எரிக்கணும்? வீட்லயே இருந்தா என்ன?"

"பச்சையாக இருந்தபோது அதைக் கையில் பிடித்துப் பாடினோம் இல்லையா? அது காய்ந்துவிட்டது. காய்ந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் கடவுளிடமே கொடுத்துவிடுகிறோம். நம்மிடம் இருக்கும் எதுவும் நம்முடையது இல்லை என்று அதற்குப் பொருள்."

பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த பதில். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "எங்க வீட்டு ஓலைய ஆடு தின்னுட்டு டீச்சர்."

"அப்ப ஆட்டத்தாம்ட்டி எரிக்கணும்" என்றான் பின்னாலிருந்த ஒருவன். வட்டம் முழுக்கச் சிரிப்பு. அவள் அழவில்லை. "ஒன்னய எரிச்சா போதும்லே, சாம்ப நெறைய வரும்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

தவக்காலத்தில் எதை விட்டுவிடப் போகிறீர்கள் என்று கேட்டேன். மிட்டாய், செல்போன் விளையாட்டு என்று வரிசையாக வந்தது. ஒருவன் கணக்குப் பாடத்தை விட்டுவிடுவதாகச் சொன்னான். இன்னொருத்தி, "அண்ணங்கூடச் சண்ட போடமாட்டேன். ஞாயித்துக்கெழம மட்டும் போடுவேன்" என்றாள். எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுச் சிறுமி மட்டும் பேசாமல் இருந்தாள். அவள் அம்மா தையல் வேலை செய்பவள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அந்தப் பள்ளியாண்டின் தொடக்கத்தில்தான் குடிவந்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் அருகே வந்து, "வீடு மாத்தும்போது எங்க ஓல எங்கயோ போயிட்டு டீச்சர். வெறுங்கையோட வந்தா ஏசுவியளா?" என்று மெல்லக் கேட்டாள். ஏசமாட்டேன் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை. வழக்கமாக ஆசிரியையின் ஓலைதான் முதலில் சட்டியில் விழும். முந்திய ஆண்டுகளில் அவரும் வந்து தீயைப் பார்த்துக்கொள்வார். ஓலை படக்கென்று பற்றிக் கருஞ்சருகாய்ப் பறந்துவிடாமல், மெல்லக் கிளறிவிட அவருக்குத்தான் தெரியும். அன்று நான் மீனைக் கழற்றவில்லை. மறந்துவிடவில்லை. சிலுவை இருக்கும் சுவர்ப்பக்கம் பார்க்காமலே புறப்பட்டு, வழக்கம்போலச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குச் சீக்கிரமே போய்விட்டேன். பெரியவர்கள் கொண்டுவந்து போட்ட ஓலைகள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

கோயில் வேலைகளைக் கவனிக்கும் அண்ணாச்சி இரும்புச் சட்டியைச் செங்கல் மேல் வைத்துத் தீ மூட்டினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். ஆட்டுக்கு ஓலையைப் பறிகொடுத்தவள், ஆடு மிச்சம் வைத்த ஒரு காம்பைக் கண்டுபிடித்துப் பெருமையாகக் கொண்டுவந்திருந்தாள். கடைசியாகக் கீழ்வீட்டுச் சிறுமி ஓடிவந்தாள். முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கையை என் முன் நீட்டினாள்.

கையில் என் மீன்.

"நீங்க மறந்துட்டியன்னு நாந்தான் எடுத்துட்டு வந்தேன் டீச்சர். எட்டல. மாமா நாக்காலில ஏறித்தான் எடுத்தேன்."

அவர் போன பிறகு அந்த நாற்காலியில் நான்கூட உட்கார்ந்ததில்லை.

அவள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. வெறுங்கையோடு வரவில்லை, எனக்கும் ஓர் உதவி செய்துவிட்டாள். மீனை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏலே, மீனுலே!"

"மீன எரிக்கலாமா?"

"தவக்காலத்துல கறிதாம்லே கூடாது. மீனு திங்கலாம்."

"அதுக்காக ஓலையவா திம்ப?"

அண்ணாச்சி ஒரு குச்சியால் தீயைக் கிளறிக்கொண்டே, "போடுங்கம்மா, அணையப் போவுது" என்றார். அவர் அறிந்து சொல்லவில்லை.

நான் நின்றேன். கை நீளவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடம் என்னைச் சுற்றி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. காய்ந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்களிடம் சொன்னவள் நான். போட்டுவிட்டால் ஆணி மட்டும்தான் மிஞ்சும். போடாவிட்டால், இந்தப் பிள்ளைகளிடம் இனி எந்த முகத்தோடு எதைச் சொல்வது? ஏதாவது காரணம் சொல்லிப் பையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வாய் வரவில்லை.

"என்னால் இதைப் போட முடியவில்லை" என்றேன்.

இரைச்சல் அடங்கிவிட்டது.

"ஏன் டீச்சர்?"

"இது மாமா செய்தது. இன்னொன்று செய்து தர அவர் இல்லை."

அடக்கம் செய்த நாளிலிருந்து எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். கடவுள் சித்தம் என்றார்கள். காலம் ஆற்றும் என்றார்கள். அவர் இல்லை என்ற சொல்லை என் வாயால் நான் யாரிடமும் சொன்னதில்லை. முதன்முதலாகச் சொன்னது இந்தப் பிள்ளைகளிடம், ஒரு சட்டித் தீக்கு முன்னால். கீழ்வீட்டுச் சிறுமியின் முகம் வாடிவிட்டது. பெரிய தப்பு ஒன்றைச் செய்துவிட்டதாக அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் தலையில் கை வைத்தேன்.

அப்போது ஆட்டுக்காரி, அப்படித்தான் அவளை அன்று எல்லாரும் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள், என் கையிலிருந்த மீனை உற்றுப் பார்த்தாள். மீன்கடையில் நிற்பவளைப்போல அதன் நீளத்தை அளந்துவிட்டு, "அப்ப வால மட்டும் கிள்ளிப் போடுங்க டீச்சர். நான் காம்புதான போட்டேன்? சாமி ஏத்துக்கிட்டாருலா" என்றாள்.

பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துவிட்டது. "ஆமா டீச்சர், வாலு போதும்." "செதில் வேண்டாம்." "பையக் கிள்ளுங்க, பிரிஞ்சிரும்." ஆளாளுக்கு வழி சொன்னார்கள். படித்த நூல்களில் துறவு பற்றியும் பற்றறுத்தல் பற்றியும் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். பாதி கொடுக்கலாம், கொஞ்சம் கொடுக்கலாம் என்று அவற்றில் ஒன்றும் என்னிடம் சொன்னதாக நினைவில்லை.

முடைந்து முடித்த இடத்தில் அவர் இரண்டு இதழாகப் பிரித்து விட்டிருந்த நுனிதான் வால். நகத்தால் மெல்லக் கிள்ளினேன். முடிச்சு அவிழவில்லை, கடற்கரைக்காரர் போட்ட முடிச்சு. கிள்ளியதைக் கீழ்வீட்டுச் சிறுமியின் உள்ளங்கையில் வைத்து, "நீ போடு. இது நம் இரண்டு பேருடைய ஓலை" என்றேன். அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போட்டாள். ஒரு கணம் மஞ்சளாய்ச் சுருண்டு, மற்ற ஓலைகளின் கருமையில் கலந்துவிட்டது. எது எவர் வீட்டு ஓலை என்று அதன் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் மாலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. கிளறியது அவர் கை இல்லை என்பது அதில் தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் என் இடத்துக்குத் திரும்பி வந்து, அன்று முதன்முறையாகத் தலையைத் திருப்பி ஆண்கள் பக்கம் பார்த்தேன். தூண் மறைவில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியிலும் அதே சாம்பல். வரிசையில் வந்த பிள்ளைகள் எல்லார் நெற்றியிலும் அதே சாம்பல். அதில் என் வீட்டுச் சுவரில் தொங்கிய மீனின் ஒரு துளியும் இருந்தது. வெளியே வந்தபோது செருப்பு தனியாகத்தான் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போட்டுக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் மீனை அதே ஆணியில் மாட்டினேன். சமைக்கத் தோன்றாமல் மோர் குடித்துவிட்டு, சன்னலோரம் உட்கார்ந்து நடத்துநர்களின் கூவலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தனிமை அன்றும் குறைந்துவிடவில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும்.

சென்ற ஆண்டுத் தவக்காலத்துக்கு முன் மீனின் ஒரு துடுப்பைக் கிள்ளிக் கொண்டுபோனேன். அதைப் பார்த்ததும் பிள்ளைகள், தீர்ப்புச் சொல்பவர்களைப் போலத் தலையை ஆட்டினார்கள். இந்த ஆண்டும் நாள் நெருங்குகிறது. பாடத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டேன். கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் இடத்தில், முடிந்ததைக் கிள்ளிக் கொடுத்தால் போதும் என்று சேர்த்துக்கொள்கிறேன். கீழ்வீட்டுச் சிறுமி இப்போது மாடிக்கு வந்தால் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். சுவரில் மீன் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வருகிறது. அது முழுவதும் சாம்பலாகிற ஒரு புதன்கிழமைவரை எனக்கு ஆயுள் இருக்குமா என்பது தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை கிள்ளும்போதும் அந்த முடிச்சு அவிழாமல் நிற்பதை என் விரல் உணர்கிறது, அதற்காகவே அடுத்த தவக்காலத்தை எதிர்பார்த்திருக்கிறேன்.